கையடக்க அளவுமானியின் மேலுறை: அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

கேள்வி:
வணக்கம். வெயிலிலும் மழையிலும் கையில் வைத்துப் பயன்படுத்தும் அளவுமானி ஒன்றுக்கு மேலுறை வடிவமைத்து வருகிறேன். முதல் ஆண்டில் ஏறத்தாழ 500 உறைகள் தேவைப்படும். பிறகு சில ஆயிரங்களாக உயரக்கூடும். உள்ளே சர்க்யூட் போர்டும், பேட்டரியும், ப்ளூடூத் ஆன்டெனாவும் இருக்கும். கையில் எடுத்ததும் உறுதியான கருவி என்ற எண்ணம் வர வேண்டும் என்பதால் அலுமினியத்தை சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு எந்திரத்தில்) குடைந்து செய்யலாம் என்று நான் நினைக்கிறேன். குழுவினரோ ஏபிஎஸ் பிளாஸ்டிக் போதும் என்கிறார்கள். பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, உற்பத்தி முறையைப் பிறகு பார்க்கலாமா?

மறுமொழி 1:
அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. அதே ஏபிஎஸ்ஸை 3டி பிரிண்டரில் அடுக்கடுக்காக ஏற்றினால் அடுக்குகளுக்கு இடையே எளிதில் பிளக்கும். அச்சில் உருக்கிச் செலுத்தினால் அந்தக் குறை இராது. பொருளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் உறை வேறுதான்.

அலுமினியத்தைப் பொறுத்தவரை முதல் தடை ஆன்டெனா. முழுவதும் மூடிய உலோகப் பெட்டி ரேடியோ அலைகளைத் தடுத்துவிடும் என்பதால் எங்காவது ஒரு பிளாஸ்டிக் சாளரம் வைத்தாக வேண்டும். வைத்தால், அந்த இணைப்பின் வழியே நீர் புகாமல் காப்பது தனி வேலையாகிவிடும்.

உறுதியைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அலுமினியத்தின் விறைப்புக் கெழு சுமார் 70 ஜிகாபாஸ்கல், ஏபிஎஸ்ஸுக்குச் சுமார் 2.3, அதாவது முப்பது மடங்கு வேறுபாடு. ஆனால் தகட்டின் வளைவிறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 1 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு ஈடான விறைப்பை ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டர் ஏபிஎஸ் தந்துவிடும். அவ்வளவு தடிமன்கூடத் தேவையில்லை. உட்புறத்தில் ரிப் (சுவரைத் தாங்கும் மெல்லிய விலா) கொடுத்தால் 2.5 மில்லிமீட்டர் சுவரே போதுமானதாக இருக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் வெயிலில் வைக்கும் கருவிக்கு ஏபிஎஸ் வேண்டாம். அதிலுள்ள ரப்பர்ப் பகுதியைப் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பதால் உறை மஞ்சளித்து, நாளடைவில் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அந்த ரப்பருக்குப் பதிலாக அக்ரிலேட் ரப்பர் சேர்த்த ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் இதற்கு ஏற்றது. அச்சில் குளிரும்போது இரண்டும் சுருங்கும் அளவு 0.4 முதல் 0.7 விழுக்காடாக இருப்பதால், பெரும்பாலும் ஒரே அச்சில் இரண்டையும் செலுத்திப் பார்க்கலாம். பாலிபுரோப்பிலீனுக்கு அது பொருந்தாது, ஏனெனில் அது 1 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கும்.

பாலிகார்பனேட்டை யாராவது பரிந்துரைப்பார்கள். அடி தாங்குவதில் அது சிறந்ததுதான். ஆனால் கரைப்பான்களும் காரத்தன்மையுள்ள துப்புரவுத் திரவங்களும் பட்டால், இறுக்கி முடுக்கிய திருகுகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தோன்றும். கருவியை எதைக் கொண்டு துடைப்பார்கள் என்பதைப் பயனாளர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
எண்ணிக்கையையும் பாருங்கள். சிலிக்கோன் அச்சில் செய்யும் வேக்யூம் காஸ்டிங் ஓர் அச்சுக்கு இருபது உறைகள் அளவுக்குத்தான் தாங்கும். மேலும் அதில் ஊற்றுவது பாலியூரித்தேன் என்பதால் உங்கள் இறுதிப் பொருளின் நடத்தையை அது காட்டாது. மாதிரிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, 500க்கு, பிளாஸ்டிக்கை அலுமினிய அச்சில் உருக்கிச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்குப் போவதே சரி. சில ஆயிரம் உறைகள் வரை அந்த அச்சே போதும்.

ஆனால் முதல் வரைபடத்திலிருந்தே அச்சுக்காக வடிவமைக்க வேண்டும்: சுவர் ஒரே தடிமனாக இருக்கட்டும், அச்சிலிருந்து கழன்று வரப் பக்கச் சுவர்களுக்கு 1 முதல் 2 பாகை சரிவு கொடுங்கள், சொரசொரப்பான பரப்பு வேண்டுமென்றால் இன்னும் கூடுதலாக. ரிப்பின் அடித்தடிமன் சுவரில் பாதியளவைத் தாண்டினால் வெளிப்பரப்பில் குழி விழும். பளபளப்பான உறையில் அது உடனே கண்ணில் படும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஏஎஸ்ஏ, அலுமினிய அச்சு என்று முடிவு செய்கிறோம். பேட்டரி மூடியை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கிலேயே மரையைக் குடையும் திருகு போதுமா?

மறுமொழி 3:
போதாது. திரும்பத் திரும்பக் கழற்றினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். மூடிக்கு மட்டும் சூடாக்கிப் பதிக்கும் பித்தளை இன்சர்ட் (உள்ளே மரையுள்ள சிறு குழல்) வையுங்கள். ஒருமுறை மூடியதும் திறக்கத் தேவையில்லாத மற்ற திருகுகளுக்கு நீங்கள் சொன்னதே போதும்.