ஃபியூஸ்: டிஸ்க் நிரம்பினால் 'அனுமதி இல்லை' என்கிறது, சில கோப்புகள் அரைகுறையாக நிற்கின்றன

நல்லூர்_ஸ்கேன்:
வணக்கம். நல்லூரில் பழைய பத்திரிகைகள், ஏட்டுச்சுவடிகள் ஸ்கேன் பண்ணுகிற சின்ன இடம் ஒன்றில் வேலை செய்கிறேன். படங்களைச் சுருக்கி வெளி ஹாட் டிஸ்க்கில் போட, சி மொழியில் எழுதிய ஒரு ஃபியூஸ் கோப்பு முறைமை (லினக்ஸ் கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடுவது) இருக்கிறது. எழுதின அண்ணை கனடா போய்விட்டார், இப்போது அது என் தலையில்.

டிஸ்க் நிரம்பியதும், கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளை 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்' (அனுமதி இல்லை) என்கிறது. சிமொட் போட்டு அனுமதிகளை மாற்றினேன், ரூட்டாகவும் (முழு அதிகாரத்தோடு) ஓட்டினேன், அதே கதைதான். அதைவிட மோசம், சில டிஃப் படக் கோப்புகள் பிழை எதுவும் காட்டாமல் ஏறியிருக்கின்றன, திறந்தால் படத்தின் அடிப்பகுதி இல்லை. பின்னேரமானால் 'டூ மெனி ஓப்பின் ஃபைல்ஸ்' (திறந்த கோப்புகள் அதிகம்) வேறு. கழற்றி மறுபடி மவுன்ட் பண்ணினால்தான் சரிவருகிறது.

வடமராட்சியான்:
சிமொட்டை விடுங்கோ தம்பி, அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரைட் தோற்கும் இடத்தில் 'ரிட்டர்ன் -1' என்று இருக்கிறதா பாருங்கள். ஃபியூஸ் எதிர்பார்ப்பது பிழை எண்ணின் எதிர்மறை. 1 என்ற எண்ணுக்கு லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்றுதான் அர்த்தம். இடம் இல்லை என்பது 28. ஆகவே மைனஸ் எர்னோ (கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறி) திரும்ப வேண்டும்.

எர்னோவை உடனேயே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். இடையில் லாக் எழுதும் வரி இருந்தால் அது எர்னோவை மாற்றிவிடக்கூடும்.

நல்லூர்_ஸ்கேன்:
ஓம் அண்ணை, பல இடங்களில் -1 தான், லாக் வரியும் இருந்தது. மாற்றியபின் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று சரியாக வருகிறது. ஆனால் அரைகுறைக் கோப்புகள் இன்னும் சத்தமில்லாமல்தான் ஏறுகின்றன.

சுழிபுரம்:
கடைசித் துண்டைச் சுருக்கி எழுதுவது ரிலீஸ் செயற்பாட்டிலா (கோப்பை எல்லோரும் மூடியபின் ஃபியூஸ் கூப்பிடுவது)? அப்படியென்றால் அங்கேதான் வில்லங்கம். ரிலீஸ் திருப்பும் பிழையைக் கர்னல் கணக்கெடுக்காது. அது வரும் நேரத்தில் குளோஸ் அழைப்பும் முடிந்திருக்கும். எழுதும் வேலையை, ஒவ்வொரு குளோஸின்போதும் வரும் ஃப்ளஷ்ஷுக்கு மாற்றுங்கள், அதன் பிழைதான் குளோஸ் வழியாக சிபிக்குப் போகும். ஒரே கோப்புக்கு ஃப்ளஷ் பலமுறை வரலாம், அதனால் நினைவகத்தை விடுவிப்பதும் கீழே உள்ள கோப்பை மூடுவதும் ரிலீஸிலேயே இருக்கட்டும்.

கீழுள்ள கோப்பில் எழுதும் பிரைட் அழைப்பு கேட்டதைவிடக் குறைந்த பைட்டுகள் எழுதிவிட்டும் திரும்பலாம், டிஸ்க் நிரம்பும் நேரத்தில் இது நடக்கும். பூச்சியத்துக்கு மேல் வந்தால் வெற்றி என்று கோட் எடுத்துக்கொண்டால் படம் வெட்டுப்படும். மிச்சத்தை லூப்பில் எழுதுங்கள், அடுத்த முறை 28 தானாக வரும்.

பல நிரல்கள் குளோஸின் பதிலைப் பார்ப்பதேயில்லை, எனவே ஸ்கேன் நிரல் எஃப்சிங்க் (எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) கேட்பது நல்லது. உங்கள் எஃப்சிங்க் செயற்பாடு, இன்னும் எழுதாமல் நினைவகத்தில் வைத்திருப்பதை எழுதி, கீழுள்ள கோப்பையும் எஃப்சிங்க் பண்ண வேண்டும். அது தோற்றால் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்து ஆறுதல் அடையாதேங்கோ. எழுதத் தோற்ற நினைவகப் பக்கங்களைக் கர்னல் சுத்தமானவை என்று குறித்திருக்கலாம், இரண்டாம் முறை பொய்யாக வெற்றி வரும். 2018இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளக்காரர்களையே தலையைச் சொறிய வைத்த விஷயம் இது. கோப்பை முதலிலிருந்து எழுதுங்கள்.

வடமராட்சியான்:
அந்த 'டூ மெனி' கேஸும் இதே குடும்பம்தான். கிரியேட்டில் ஓப்பின் வெற்றி, பிறகு தலைப்புப் பகுதி எழுதும்போது தோல்வி என்றால், நேரே திரும்பாமல் திறந்ததை மூட வேண்டும். கிரியேட் பிழை திருப்பினால் ரிலீஸ் வராது, நீங்கள் மூடாததை வேறு யாரும் மூடமாட்டார்கள். ஒரு செயலி திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024, வேலை கூடின நாளில் போய் முட்டும். ப்ரொக்கில் (செயலிகளின் விவரங்கள் இருக்கும் கோப்புறை) அந்தச் செயலியின் எஃப்டி கோப்புறையைப் பார்த்தால், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது தெரியும்.

சோதிக்க டிஸ்க்கை நிரப்பி மினக்கெட வேண்டாம். 1 எம்பி டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்தில் இருக்கும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஒன்றைக் கீழே மவுன்ட் பண்ணுங்கள். ஒரு நிரலின் கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியின் இன்ஜெக்ட் வசதியால் குறிப்பிட்ட ஒரு அழைப்பை மட்டும் விரும்பிய பிழையோடு தோற்கவும் வைக்கலாம்.

நல்லூர்_ஸ்கேன்:
டிஎம்பிஎஃப்எஸ்ஸில் பார்த்தேன், கடைசித் துண்டில் நிரம்பினாலும் சிபி பிழை சொல்கிறது. எஃப்டி எண்ணிக்கையும் ஏறவில்லை. பெரிய உதவி. ஏற்கெனவே ஏறிய அரைகுறைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுழிபுரம்:
ஸ்கேனர் கணினியில் மூலப் படங்கள் இருந்தால் இரண்டு பக்கமும் ஷா256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடுங்கள். மூலம் அழிந்தவற்றை டிஃப் வாசிப்பான் ஒன்றால் முழுதாக விரித்துப் பாருங்கள். பிழை வருவதை மறுபடி ஸ்கேன் பண்ணத்தான் வேண்டும்.