மால்பிளாகே 1709: இதற்குப் பெயர் வெற்றியா?

கேள்வி: ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் 1709 செப்டம்பர் 11 அன்று மால்பிளாகே களம், பிரான்ஸை எதிர்த்த கூட்டணியின் தளபதிகளான மார்ல்பரோ (பிரிட்டன்), யூஜீன் (ஆஸ்திரியா) கைக்கு வந்தது. ஆனால் அவர்கள் தரப்பில் இழப்பு 20,000-க்கும் மேல். பிரெஞ்சுத் தரப்பில் ஏறக்குறைய அதில் பாதி. ஜெயித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு அடி?

பதில் 1: இடம்தான் காரணம். இரண்டு காடுகளுக்கு நடுவே இருந்த திறப்பில் மண் அரண் எழுப்பி உட்கார்ந்துவிட்டார் பிரெஞ்சுத் தளபதி வில்லார். நேருக்கு நேர் மோதுவதைத் தவிர வேறு வழி குறைவு. எனக்கு மனம் ஆறாதது கூட்டணியில் இருந்த டச்சுக் காலாட்படையின் கதை. அவர்களின் தளபதியான 22 வயது ஆரஞ்சு இளவரசர் அவர்களை, இன்னொரு பிரெஞ்சுத் தளபதி பூஃப்ளேர் காத்த பிரெஞ்சு வலப்பக்கத்தின் மேல் ஏவினார். மறைவாக நிறுத்திய பீரங்கிகள் பக்கவாட்டிலிருந்து சுட, வரிசை வரிசையாக விழுந்தார்கள். அப்புறமும் திரும்பப் போனார்கள்! துணிச்சல் சரி, அனுப்பியவரை என்ன சொல்வது?

பதில் 2: அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. மறுபக்கம் சார்ஸ் காட்டில் கூட்டணி தந்த நெருக்கடி முற்றியதால் வில்லார் நடுப்பகுதியிலிருந்து ஆட்களை உருவினார். காலியான அரண்களைக் கூட்டணித் தளபதி ஆர்க்னியின் காலாட்படை பிடித்தது. குதிரைப்படை உள்ளே புகுந்தது. வில்லாருக்கு முழங்காலில் குண்டடி. பொறுப்பேற்ற பூஃப்ளேர் படையைக் கலையாமல் பின்வாங்கச் செய்தார். துரத்த யாருக்கும் தெம்பில்லை.

கேள்வி கேட்டவர்: அப்போ கையில் கிடைத்தது?

பதில் 2: பக்கத்திலிருந்த மோன்ஸ் கோட்டை, அக்டோபரில். பாரிஸ் அல்ல.