ஓ.எம்.ஆர். புது ஃபிளாட்: ஷோரூம் கம்பெனியா, ஆசாரியா, டிசைனரா?

பதினாலாம்_மாடி (கேள்வி)

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர்.ல நாவலூர் பக்கம் 14-வது மாடியில 3 பி.எச்.கே. ஃபிளாட், சாவி வாங்கியாச்சு. சுவர் எல்லாமே மைவான் கான்கிரீட் (செங்கல் இல்லாம அச்சு வச்சு ஊத்துனது). கிச்சன்ல பில்டர் மேடை போடல, காலியா விட்டிருக்காங்க. பண்ண வேண்டியது: கிச்சன், மூணு வார்ட்ரோப், மேல லாஃப்ட், டி.வி. யூனிட், ஹாலுக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங், பெயின்டிங்.

மூணு இடத்துல விலை கேட்டோம்.

ஷோரூம் வச்சிருக்கிற கம்பெனி: வார்ட்ரோப் சதுர அடி 1,150. லாஃப்டுக்கும் அதே ரேட், ஆனா தனி. டிராயர் ஒண்ணு 3,500. ஜி.எஸ்.டி. தனி.

ஆசாரி: மெட்டீரியலோட சேர்த்து சதுர அடி 1,450, எல்லாம் அடக்கம்.

டிசைனர்: டிராயிங், மேற்பார்வைக்கு 75,000. வேலைக்கு ஆள் நாமளே வச்சுக்கலாம், இல்ல அவங்க காட்டுவாங்க.

கம்பெனிக்காரங்க ஆசாரியைவிட கம்மியா எப்படித் தர்றாங்க? டிசைனருக்குன்னு தனியா 75,000 குடுக்கிறதுல அர்த்தம் இருக்கா? எந்த வேலையை முதல்ல தொடணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அளவுநாடா

1,150-ஐயும் 1,450-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை சார், இருவரும் அளப்பதே வேறு வேறு. ஒரு வார்ட்ரோப்பை எடுத்துக் கணக்குப் போடுங்கள், தெரிந்துவிடும்.

7 அடி அகலம், 7 அடி உயரம்: முன்பக்கப் பரப்பு 49 ச.அடி. மேலே 2 அடி லாஃப்ட், அது 14. மொத்தம் 63.

ஆசாரி: 63 × 1,450 = 91,350.

கம்பெனி: 49 × 1,150 = 56,350. லாஃப்ட் 16,100. டிராயர் நான்கு என்றால் 14,000. கூட்டினால் 86,450. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. போட்டால் 1,02,011. அதாவது சதுர அடிக்கு 1,619. கைப்பிடி, உள்ளே வரும் மைக்கா (பலகைமேல் ஒட்டும் லேமினேட் ஷீட்), லாக் எல்லாம் தனி என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் இன்னும் ஏறும்.

இதனால் ஆசாரிதான் மலிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் 'எல்லாம் அடக்கம்' என்று சொன்னது வாய்வார்த்தைதானே. பில் தருவாரா, ஹிஞ்ச் (கதவுக் கீல்) எந்த மாடல், உள் மைக்கா உண்டா, இதெல்லாம் தாளில் வரட்டும். அட்டவணையை நீங்களே தயார் செய்து மூன்று பேரிடமும் அதையே கொடுங்கள்: பொருள், அகலம்-உயரம்-ஆழம், பெட்டிக்கு என்ன பலகை, கதவுக்கு என்ன பலகை, மைக்கா கனம், ஹிஞ்ச் மாடலும் எண்ணிக்கையும், டிராயர் எண்ணிக்கை, எந்த முறையில் அளப்பது.

அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். முன்பக்கம் மட்டும் அளப்பதுதான் வழக்கம். வேலை முடிந்தபின் பக்கவாட்டுப் பலகையையும் சேர்த்து அளந்து பில் நீட்டுவது, டி.வி. யூனிட்டில் பின் பேனலுக்கு ஒரு கணக்கு, அதன்மேல் ஒட்டிய பெட்டிக்கு இன்னொரு கணக்கு என்று போடுவது, சீலிங்கில் இறங்கி நிற்கும் பட்டையை ரன்னிங் அடியில் தனியாக அளப்பது எல்லாம் சகஜம். 'முன்பக்கப் பரப்பு மட்டும், சீலிங்குக்குத் தரைப்பரப்பு மட்டும்' என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இழைப்புளி

பலகை விஷயத்துக்கு வர்றேன். கொட்டேஷன்ல 'பிராண்டட் ப்ளை'ன்னு மட்டும் எழுதியிருந்தா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. ஒரே பிராண்டுல சாதா ப்ளையும் வரும், தண்ணி தாங்குற மரைன் ப்ளையும் வரும். ஐ.எஸ். நம்பர், அதாவது இந்தியத் தர எண், எழுதச் சொல்லுங்க. ஐ.எஸ். 710ன்னா மரைன், 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில கிடந்தாலும் பசை விடக்கூடாதுங்கிறது அதோட சோதனை. கிச்சன் கீழ்ப்பெட்டி, சிங்க் அடி, பாத்ரூம் வாஷ்பேசின் அடி இங்கெல்லாம் 710 தவிர வேற வேண்டாம். பெட்ரூம் வார்ட்ரோப்புக்கு ஐ.எஸ். 303ல பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்குற) ரகம் போதும், அங்கயும் மரைன் போடுறது காசைக் கரைக்கிற வேலை.

ஷீட்ல ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதுக்குக் கீழ சி.எம்./எல்.னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பரும் அச்சிட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல (இந்திய தர நிர்ணய அமைவனத்தோடது) அந்த நம்பரைப் போட்டா எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கான லைசென்ஸ்னு வந்துடும். இதை ஷீட் வந்து இறங்குன அன்னிக்கே, வெட்டுறதுக்கு முன்னாடி பாக்கணும். மைக்கா ஒட்டிட்டா உள்ள எது இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. வெட்டுன ஓரத்துல அடுக்குக்கு நடுவுல ஓட்டை தெரிஞ்சா அந்த ஷீட்டைத் திருப்பி அனுப்புங்க. அந்த இடத்துல விழுற ஸ்க்ரூ பிடிக்காது.

1,150க்கு வர்றது ப்ளை இல்லாம பார்ட்டிகிள் போர்டா (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, கேட்டுக்குங்க. பார்ட்டிகிள் போர்டுல ஸ்க்ரூவை ஒரு தடவை கழட்டி மாட்டுனா இளகிடும். ஓரப்பட்டை விட்ட இடத்துல தண்ணி இறங்குனா உப்பும், உப்புனது திரும்ப அடங்காது. எச்.டி.எச்.எம்.ஆர். போர்டு (ஈரத்தை ஓரளவு தாங்குற, அடர்த்தியான மரநார்ப் பலகை) கதவுக்கு நல்லாவே இருக்கும், ப்ளையைவிட வளையாம நேரா நிக்கும். ஈரம் படுற கீழ்ப்பெட்டிக்கு மட்டும் வேண்டாம்.

மேல சொன்ன 7×7 வார்ட்ரோப், 2 அடி ஆழம், எத்தனை ஷீட்னு நீங்களே எண்ணலாம். பக்கம் 2, நடுத்தடுப்பு 3, மேல் 1, கீழ் 1, ஆக 7 துண்டு. ஒவ்வொண்ணும் 7×2 அடி. 8×4 ஷீட்ல ரெண்டு வரும், அப்போ மூன்றரை ஷீட். 21 இஞ்ச் அகலத்துல கதவு நாலு, ஷீட்டுக்கு ரெண்டு, அது 2. மிச்சம் ஒன்றரை ஷீட்ல தட்டு 12 எடுத்துடலாம். ஆக 18 மி.மீ. ஷீட் 7, பின்பக்கத்துக்கு 6 மி.மீ. ஷீட் 2. டிராயரும் லாஃப்டும் தனி. நாலு ஷீட்டை இறக்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொன்னாலும், பத்து ஷீட்டுக்குக் கணக்கு காட்டினாலும் நிறுத்திக் கேளுங்க.

நாலு கதவுக்குப் பதில் அகலமா மூணு கதவு வைக்கலாம்னு டிசைன்ல காட்டுவாங்க, படத்துல அழகாத்தான் இருக்கும். 28 இஞ்ச் அகலம், 7 அடி உயரக் கதவு சீக்கிரம் வளையும், தொங்கும். 22 இஞ்சுக்கு மேல போகாதீங்க. 7 அடிக் கதவுக்கு ஹிஞ்ச் 5 வேணும், நிறைய இடத்துல 3 வச்சு முடிச்சுடுறாங்க. ரெண்டு கதவு ஒரே தடுப்புல வந்து சேர்ற இடத்துல 8 கிராங்க் ஹிஞ்ச் (தடுப்போட பாதிக் கனத்தை மட்டும் கதவு மூடுற மாதிரி வளைஞ்சது), ஓரப்பக்கத்துக்கு 0 கிராங்க் (முழுக் கனத்தையும் மூடுறது). எல்லாத்துக்கும் 0 வாங்கிட்டு வந்தா நடுவுல ரெண்டு கதவும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். கதவுக்கு வெளிப்பக்கம் 1 மி.மீ., உள்பக்கம் 0.8 மி.மீ. மைக்கா. உள்ள ஒட்டாம பெயின்ட் அடிச்சு விட்டா ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கதவு வில்லா வளையும். உங்க பக்கம் கடல் காத்து வேற, கிச்சனுக்கு மட்டுமாவது துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 ஸ்டீல் ஹிஞ்ச் போடுங்க.

ஷாஃப்ட்_வால்வு

டிசைனர் கேள்விக்கு வருகிறேன். 75,000 அதிகமா குறைவா என்பது கையில் என்னென்ன டிராயிங் வருகிறது என்பதைப் பொறுத்தது. 3டி படம் மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் நேர்த்தோற்றம் அளவோடு, ஸ்விட்ச், பிளக் எல்லாம் தரையிலிருந்து எத்தனை உயரம் என்ற எலக்ட்ரிக்கல் டிராயிங், கிச்சன் குறுக்குவெட்டு, சீலிங் பிளான் இவை வந்தால் அந்தப் பணம் வீண் போகாது. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். ஆகவே பழைய வேலை ஒன்றின் டிராயிங் செட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள், ஃபோட்டோவை அல்ல. கடையில் கமிஷன் உண்டா என்று நேரடியாகவே கேட்கலாம், தப்பில்லை. பொருள் பில் எல்லாம் உங்கள் பெயரில் வரட்டும்.

டிராயிங் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கிச்சனே உதாரணம். வழக்கமான கீழ்ப்பெட்டி: கால் 100 மி.மீ., பெட்டி 720, கிரானைட் 20. மேடை உயரம் 840 மி.மீ., சுமார் 33 இஞ்ச், சமைக்க வசதியான உயரம். பிறகு ஒருநாள் டிஷ்வாஷர் வாங்குகிறீர்கள். தனியாக நிற்கும் ரகங்கள் பல 850 மி.மீ. உயரம். கிரானைட்டுக்கு அடியில் இருப்பது 820. உள்ளே போகாது, கிரானைட் ஒட்டியபின் உயர்த்தவும் முடியாது. வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பெட்டியின் கால் உயரத்தை 150 ஆக்கி, மேடையை 890-க்குக் கொண்டுபோங்கள், அல்லது அந்த 600 மி.மீ. அகலத்துக்கு மட்டும் மேடையை உயர்த்துங்கள். அது நிற்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக், தண்ணீர் லைன், வடிகால் மூன்றும் வேண்டும்.

மைவான் சுவர் என்கிறீர்கள். அங்கே சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது, கம்பியும் உள்ளேயே ஓடுகிறது. வெட்டிப் பைப் பதிக்கவே கூடாது, அசோசியேஷனும் விடாது. கூடுதல் பாயின்ட்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலாகவோ, டி.வி. பேனல், வார்ட்ரோப் பின்னாலோதான் கொண்டுபோக முடியும். அதனால்தான் எலக்ட்ரிக்கல் டிராயிங் மர வேலைக்கு முன்னால் முடிய வேண்டும். ஓவனுக்கும் ஏ.சி.க்கும் மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ச.மி.மீ. ஒயர். பக்கத்து லைட் பாயின்ட்டின் 1.5 ஒயரிலிருந்து இழுத்துக் கொடுத்தால் சூடேறி உருகும்.

வரிசை: ஏ.சி. காப்பர் பைப்பும் எலக்ட்ரிக்கலும் முதலில். ஏ.சி. வடிகால் பைப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபின்தான் சீலிங்கை மூட வேண்டும். அடுத்து ஃபால்ஸ் சீலிங், பட்டி, பிரைமர், முதல் கோட் பெயின்ட். அப்புறம் மர வேலை. கடைசிக் கோட் எல்லாம் முடிந்தபின். சீலிங்கில் ஃபேன், கான்கிரீட்டில் பதித்த கொக்கியிலிருந்துதான் தொங்க வேண்டும். இறக்கைக்கும் சீலிங்குக்கும் ஒரு அடியாவது இடைவெளி வரும்படி நீள ராடு வாங்குங்கள்.

பதினாலாம்_மாடி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னும் ரெண்டு சந்தேகம். ஆசாரி 50% அட்வான்ஸ் கேக்குறார், ப்ளை வாங்கணுமாம். அப்புறம் மாஸ்டர் பெட்ரூம் வார்ட்ரோப் வர்ற சுவருக்குப் பின்னாடி பாத்ரூம் ஷவர். இடம் மாத்த வழியில்ல. பரவாயில்லையா?

ரசீது_ஃபைல்

50% வேண்டாம். ப்ளை வாங்கத்தான் பணம் என்றால் கடைக்கு நீங்களே நேராகக் கட்டிவிடுங்கள், பில் உங்கள் பெயரில் வரும், மிஞ்சின ஷீட்டும் உங்களுடையது. தவணையை நாளைக் கணக்கு வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள்: டிராயிங்கில் கையெழுத்து ஆனதும் 10%, ப்ளை வந்து சரிபார்த்ததும் 30%, பெட்டிகள் சுவரில் நின்றதும் 30%, கதவும் ஹார்டுவேரும் முடிந்ததும் 20%. மீதி 10% ஒப்படைத்து 45 நாள் கழித்து. கதவு இறங்குவது, மைக்கா ஓரம் தூக்குவது, டிராயர் சிக்குவது எல்லாம் அந்த 45 நாளில்தான் தலைகாட்டும். கையில் பாக்கிப் பணம் இருந்தால்தான் போனை எடுப்பார்கள்.

நடுவில் சேர்க்கும் வேலைக்கு வாட்ஸ்அப்பிலாவது விலையோடு ஒரு வரி, அதற்கு ஒரு 'சரி'. தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த 'எக்ஸ்ட்ரா'வில்தான். பில் இல்லாமல் 18% மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

பாத்ரூம் பற்றி ஒன்று. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3)-ன்படி ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை எதைத் தெரிவித்தாலும் பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். கசிவும் இதில் வரும். ஆனால் உங்கள் ஆட்கள் பாத்ரூம் டைல்ஸை உடைத்திருந்தால் 'உங்க ஆள்தான் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கெடுத்தார்' என்று கைவிரிக்க வழி கிடைத்துவிடும். எனவே உள்வேலை ஆரம்பிக்கும் முன் பாத்ரூமில் கசிவு இருக்கிறதா என்று சோதித்து, குறை இருந்தால் மெயிலில் எழுதி, தேதியோடு ஃபோட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

இழைப்புளி

அந்தச் சோதனை எப்படின்னா, பாத்ரூம் வடிகாலை அடைச்சு 2 இஞ்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி அவங்க சீலிங்கைப் பாருங்க, உங்க பெட்ரூம் சுவர்ல அடிப்பக்கம் ஒரு அடிக்கு ஈரம் ஏறுதான்னும் பாருங்க. இது தரைக்கான சோதனை. ஷவர் பைப் சுவருக்குள்ள கசியுதாங்கிறது இதுல தெரியாது. அதுக்கு பிளம்பரை வச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணணும்.

ரெண்டும் சரியா இருந்தா வார்ட்ரோப் தாராளமா வைக்கலாம். பின்பலகை மட்டும் மரைன்ல போடுங்க, ரெண்டு பக்கமும் லைனர் மைக்கா (உள்பக்கத்துக்கான மெல்லிசு ரகம்) ஒட்டி. சுவரோட ஒட்டி அடிக்காம அரை இஞ்ச் இடைவெளி விடுங்க, இல்லன்னா ஐப்பசி கார்த்திகை மழையில பின்னாடி பூஞ்சை பிடிச்சுத் துணியெல்லாம் நாறும். பெட்டியைத் தரையில நேரா உக்கார வைக்காம 3 இஞ்ச் உயரத்துக்குக் கீழ்ச்சட்டம், அதுவும் மரைன். ஷவர் பைப் போற உயரத்தைப் பில்டரோட பிளம்பிங் டிராயிங்ல பாத்துக் குறிச்சுட்டு, அந்த இடத்துல பின்பலகையை ஸ்க்ரூ போட்டுக் கழட்டுற மாதிரி ஒரு துண்டா விடச் சொல்லுங்க. ஆசாரி முணுமுணுப்பார், அரை நாள் வேலை அதிகம்தான்.