கலையக வடிவமைப்பு ஆலோசகர்: கலைச்சொல் தேவை

உவர்மலையிலிருந்து:
அன்புடையீர், எங்கள் சமூக வானொலிக்குப் பழைய வீடொன்றில் இரண்டு கலையகங்கள் அமைக்கவுள்ளோம். வடிவமைப்பு ஆலோசகர்களிடம் விலைமனுக் கோரும் அறிவித்தல் வெள்ளிக்கிழமைக்குள் பத்திரிகைக்குப் போக வேண்டும். கட்டடக் கலைஞருக்கும் மின்பொறியியலாளருக்கும் சொல் இருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்ளே பேசும் குரல் தெளிவாகப் பதியும்படியும் அறையைக் கணித்து வரைபவருக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. "ஒலியமைப்பு ஆலோசகர்" என்று எழுதியிருந்தோம். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்களே விண்ணப்பிப்பார்கள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

கிண்ணியாவிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:
"ஒலியியல் ஆலோசகர்" போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருப்பதை அறிவித்தலில் பிரித்துச் சொல்லுங்கள். வடகீழ்ப் பருவ மழை கூரையில் விழும் சத்தத்தையும் முச்சக்கரவண்டியின் இரைச்சலையும் தடுப்பது கனமான சுவர், கனமான உட்கூரை, இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், காற்றுப் புகாத கதவு ஆகியவற்றின் வேலை. சுவரில் ஒட்டும் பஞ்சுத் தகடு அதைச் செய்யாது. அது உள்ளே பட்டுத் திரும்பும் ஒலியை உறிஞ்சுவதற்கே உதவும். ஒலி 60 டெசிபெல் தணிய எடுக்கும் நேரத்தைச் சபீன் வாய்பாடு தருகிறது: அறையின் கனவளவை (கன மீற்றரில்) 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால், அதாவது முழுமையாக உறிஞ்சும் பரப்பாகக் கணித்த சதுர மீற்றரால், வகுக்க வேண்டும். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள பேச்சறையில் அந்நேரம் 0.3 செக்கனாக இருக்க வேண்டுமானால், முழுமையாக உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீற்றர் தேவை. இதைக் கணிக்கத் தெரியாதவர், எந்தப் பெயரில் வந்தாலும், உங்களுக்கு உதவமாட்டார்.

தம்பலகாமத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, மொழியியலில் எழுத்தொலிகளின் பிறப்பை ஆராயும் துறைக்கு ஒலியியல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. றகர ரகர வேறுபாட்டை விளக்கும் பேராசிரியர் விண்ணப்பித்தால் என்ன செய்வீர்கள்? நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்போரை "நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு" என்கிறார் நக்கீரர். அங்கே புலவர் என்பது கட்டட நூல் வல்லாரையே குறிக்கிறது. ஆகவே "ஒலிநூற் புலவர்" என்பதே மரபு வழிப்பட்ட சொல்லாகும்.

நிலாவெளியிலிருந்து, அறிவிப்பாளர்:
ஐயா, பத்திரிகையில் புலவர் என்று அச்சிட்டால் கவியரங்கத்துக்குத்தான் ஆள் வரும். கொழும்பிலுள்ள நிறுவனங்கள் "அக்கூஸ்டிக்" என்றுதான் தங்களை அறிமுகப்படுத்துகின்றன. நாமும் அப்படியே எழுதலாம். சொல்லைவிட எனக்குக் கவலை தருவது குளிரூட்டி. நமது வெயிலில் அது இல்லாமல் உட்கார முடியாது; அது இரைந்தால் ஒலிவாங்கியைத் திறக்கவும் முடியாது. அகன்ற குழாயில் காற்றை மெதுவாக விடும் ஏற்பாட்டை ஆலோசகர் முதல் வரைபடத்திலேயே காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:
மொழியியலோடு குழப்பம் வரும் என்பதை ஏற்கிறேன். "அறையொலியியல்" என்றால் தீர்ந்துவிடாதா? அத்தோடு ஆலோசகர் என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். பஞ்சுத் தகடு விற்பவரே ஆலோசனையும் சொன்னால், எல்லாச் சுவருக்கும் தகடே மருந்தாகும். விற்பனையில் பங்கில்லாதவர் என்று எழுத்தில் உறுதி கேளுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:
அறை என்பது வினையடியும் ஆகும் என்பதை மறக்கலாகாது. அறையொலியை வினைத்தொகையாகக் கொண்டால் அறைந்த ஒலி, அறைகின்ற ஒலி, அறையும் ஒலி என விரியும். பறையறைவோருக்குப் பொருந்தலாம், கலையகத்துக்குப் பொருந்துமா?

உவர்மலையிலிருந்து:
பத்திரிகை அலுவலகம் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டது. இக்குழுவில் நால்வர் "அறையொலியியல் ஆலோசகர்" என்பதற்கு இசைந்திருப்பதால் அதையே அனுப்பிவிட்டேன். "ஒலித்தடுப்பு, உள்ளக ஒலிச்சீரமைப்பு ஆகிய இரண்டிலும் அனுபவமுள்ளவர்" என்ற விளக்கத்தையும், முன்பு வடிவமைத்த கலையகங்களின் வரைபடங்களோடு கட்டி முடித்தபின் எடுத்த அளவீடுகளையும் இணைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துள்ளேன். வினைத்தொகை பற்றிய ஐயம் தீரவில்லை என்பது தெரியும்.

தம்பலகாமத்திலிருந்து:
தீரவில்லை என்பதோடு, விண்ணப்பங்கள் வந்த பிறகு அவற்றில் எத்தனை பறைக்குழுக்களுடையவை என்பதையும் இக்குழுவுக்கு அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.