எஸ்டீம் எஞ்சினை டிராக்குக்குக் கட்டினவங்க: திறந்ததும் கண்ணில் பட்டது எது?

பாளை 1298

சுருக்கமா எழுதுதேன், எஞ்சின் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாருதி எஸ்டீம் காரோட ஜி13, 16 வால்வு, போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 75.5. குழாய்ச் சட்டத்துல கட்டுன சின்னக் காரு, எஞ்சின் சீட்டுக்குப் பின்னால. கிராங்க் 0.25 மி.மீ. கிரைண்டிங், புது ஷெல்லு (கிராங்கைத் தாங்குற பேரிங் தகடு), புது ரிங்கு, ஹெட்டு ஃபேசிங் (முகம் சீவுறது). எல்லாம் முடிஞ்சு செட்டிபாளையம் கரி டிராக்குல ரெண்டு செஷன். மொத்தம் 40 நிமிஷம்கூட ஓடல, மூணாம் நம்பர் பிக் எண்டு (கன்ராடு கிராங்கைப் பிடிக்கிற இடம்) தட்டுது.

சம்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறக்குனா ஆயில்ல ஜிகினாவைக் கரைச்சு விட்ட மாதிரி மினுமினுப்பு. மூணாம் நம்பர் ஷெல்லுல மேல் பூச்சு அத்தனையும் போயி செம்பு தெரியுது. 1, 2, 4 மூணும் பெட்டியில இருந்து எடுத்த மாதிரி சாம்பல் நிறத்துல அப்படியே இருக்கு. அதான் மண்டையைக் குடையுது. ஆயில் பம்ப் போயிருந்தா நாலும்லா போயிருக்கணும்? கிராங்கை இறக்கி மூணாம் ஜர்னலோட (ஷெல்லுக்குள்ள சுத்துற கிராங்க் உருளை) ஆயில் ஓட்டைக்குள்ள மெல்லிசுக் கம்பி விட்டு இழுத்தா, பல்பொடியை எண்ணெயில குழைச்ச மாதிரி ஒரு பசை வருது. கிரைண்டிங் கல்லு மாவு. வெளிய கண்ணாடி கணக்கா பளபளன்னு வந்த கிராங்க் இது.

கழட்டிப் பாத்தவங்க, உங்களுக்கு எங்க, என்ன கெடந்துச்சுன்னு எழுதுங்க.

பேட்டை லேத்து

கிரைண்டிங் முடிச்சு வர்ற கிராங்குல மாவு இருக்கத்தான் செய்யும் தம்பி. ஆயில் ஓட்டை மெயின் ஜர்னல்ல (பிளாக்குல கிராங்க் உக்கார்ற இடம்) இருந்து பிக் எண்டுக்குச் சரிவா போகுது, காத்து அடிச்சா ஒரு பக்கம் வந்து மறுபக்கம் ஒதுங்கி ஒட்டிக்கிடும். துப்பாக்கிக் குழாய் துடைக்கிற மாதிரி நீள நைலான் பிரஷ் விட்டு, ரெண்டு பக்கமிருந்தும் உருவணும். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா.

பிளாக்கையும் சேத்துச் சொல்லிடுதேன். ஹோனிங் (போர் சுவர்ல கல்லால கோடு தேய்க்கிறது) முடிச்ச பிளாக்கை டீசல்லயோ மண்ணெண்ணெய்லயோ கழுவாதீங்க. டீசல் எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும், ஹோனிங் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கிற கல்லுத் துகளை எடுக்காது. கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர், சாதாரண துணி சோப்புத் தூள், நைலான் பிரஷ். ஒவ்வொரு போரையும் நுரை வரத் தேச்சுக் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி, உடனே காத்து அடிங்க. அப்புறம் பழைய வெள்ளை வேட்டியைக் கிழிச்சு, லேசா ஆயில்ல நனைச்சு, போருக்குள்ள ஒரு சுத்து சுத்தி எடுங்க. துணியில சாம்பல் நிறம் வந்தா திரும்பவும் சோப்பு. வெள்ளை வெள்ளையாவே வர்ற வரைக்கும். நாலஞ்சு தடவை ஆகும், சலிக்கக்கூடாது.

கழுவி முடிச்சதும் டீ குடிக்கப் போயிராதீங்க. பிளாக் அலுமினியம், ஆனா உள்ள லைனர் வார்ப்பு இரும்பு. தண்ணி காய்ஞ்ச அஞ்சு நிமிஷத்துல மஞ்சளாத் துரு படரும். கையில ஆயில் கேனோட நின்னுதான் காத்து அடிக்கணும்.

கேலரி (பிளாக்குக்குள்ள ஆயில் ஓடுற வழி) பிளக் எல்லாத்தையும் கழட்டாம கழுவுன பிளாக், கழுவாத பிளாக்குதான்.

தச்சை ராஜபாட்டை

டீசல்ல கழுவிக் கட்டுன லாரி எஞ்சின் நம்ம பைபாஸ்ல லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓடுது அண்ணாச்சி. சோப்பு, வேட்டி, வெந்நீருன்னு இது என்ன பிரசவம் பாக்கிற வேலையா?

பேட்டை லேத்து

லாரி 2,200 சுத்துல ஓடுது. இது 7,500. ஸ்ட்ரோக் 75.5-ன்னா பிஸ்டன் சராசரியா வினாடிக்கு 19 மீட்டர் கிட்டப் போகுது. 6,000-ல இருந்து 7,500-க்கு ஏத்துனா கன்ராடு மேல விழுற இழுவை ஒண்ணரை மடங்குக்கு மேல, ஏன்னா அது சுத்தோட வர்க்கத்துல ஏறும். லாரியில துகள் மெல்ல அரைச்சு ஆயில் குடிக்க வைக்கும், அம்புட்டுதான். இங்க ஒரு சாயங்காலத்துல கணக்கு முடிஞ்சிரும்.

மேலப்பாளையம் ஃபிட்டர்

சோடாத் தொட்டியை யாரும் சொல்லலையே. வார்ப்பிரும்பு பிளாக்கையே பாத்துப் பழகுன பட்டறை ஒண்ணுல, இந்த ஜி13 பிளாக்கைக் கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தொட்டியில இறக்கிட்டாங்க. பால் பொங்குன மாதிரி நுரை. அழுக்கு வருதுன்னு நினைச்சு விட்டுட்டாங்க. அழுக்கு இல்ல, அலுமினியமே கரைஞ்சு ஹைட்ரஜன் கிளம்புது. இருபது நிமிஷம் கழிச்சுத் தூக்குனா பிளாக் கன்னங்கரேல், ஹெட்டு கேஸ்கட் உக்கார்ற முகம் அரிச்சுப்போயி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஹெட் போல்ட் மரையும் தளர்ந்துபோச்சு. கொடுக்கும்போதே பிளாக் மேல பெயிண்ட் பேனாவால “அலுமினியம், சோடா வேண்டாம்”னு எழுதிக் கொடுங்க.

வள்ளியூர் மேக்காத்து

ஆடி மாசம். இந்தப் பக்கம் காத்து எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிட்டுத்தான் ஷார்ட் பிளாக் (ஹெட்டு இல்லாத எஞ்சின் அடிப்பாகம்) கட்டுனது. மதியம் சாப்பாட்டுக்குப் போன அரை மணி நேரம், கிராங்கை இறுக்கிப் பிடிக்கிற கேப் இல்லாம, ஆயில் பூசின ஷெல்லு மேல திறந்து கெடந்துச்சு.

900 கிலோமீட்டர்ல திறந்தப்ப மெயின் ஷெல்லுல நகத்தால தடவுனா நறநறங்குது. லென்ஸ் வச்சுப் பாத்தா சிவப்பு. தேரி மணல். ஷெல்லோட பூச்சு மெதுவா இருக்கிறதே இந்த மாதிரி துகளை உள்ள அமுக்கி வாங்கிக்கிடத்தான், ஆனா பூச்சோட கனத்தை விடப் பெரிய துகள் தலையை வெளிய நீட்டிக்கிட்டு ஜர்னலைக் கோடு போடும். மெயின் ஜர்னல்ல கிராமபோன் தட்டு மாதிரி வரி.

ஷெல்லு, கிராங்க், பிஸ்டன் எதைத் தொட்டாலும் அடுத்த நிமிஷம் பெரிய பாலித்தீன் பை போட்டு மூடிருங்க. தரையில தண்ணி தெளிங்க. ஆடியில கட்டாம இருந்தா இன்னும் நல்லது.

சந்திப்பு மைக்ரான்

பிளாஸ்டிகேஜ், அதாவது ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் நடுவுல இடைவெளி அளக்கிறது. நூல் மாதிரி மெழுகை ஜர்னல் மேல வச்சு, கேப்பை முழு டார்க்குல இறுக்கி, கழட்டி, நசுங்கின அகலத்தை அட்டையில இருக்கிற கோட்டோட ஒப்பிடணும். பச்சை உறைன்னா 0.025-ல இருந்து 0.076 மி.மீ. வரை அளக்கும்.

வெளியூர்ல இருந்து வந்த ஒரு எஞ்சின்ல நடந்தது இது. நூல் நல்லா அகலமா நசுங்கியிருக்கு. அகலம் ஜாஸ்தி, அதனால இடைவெளி ஜாஸ்தின்னு முடிவு பண்ணி, இன்னும் கனமான கலர் மார்க் மெயின் ஷெல்லு வாங்கிப் போட்டிருக்காங்க. உண்மையில தலைகீழ். அகலமா நசுங்குனா இடைவெளி கம்மி. ஏற்கெனவே 0.025-ல இருந்ததை இன்னும் நெருக்கி, அதுக்கு மேல 20டபிள்யூ50 ஆயிலும் ஊத்தியாச்சு. ஷெல்லு கேப்புக்குள்ளேயே சுத்தி, ஆயில் ஓட்டையை மூடி, நடு மெயின் நீலம் பாரிச்சுப் போச்சு.

இன்னொண்ணு. கேப்பு இறுக்குன பிறகு “சும்மா ஒரு சுத்து” கிராங்கைத் திருப்பிப் பாக்கிற பழக்கம். திருப்புனா மெழுகு இழுபட்டுரும், அந்த அளவுக்கு அர்த்தமே இல்ல.

இந்த எஞ்சின்ல பிக் எண்டு ஜர்னல் 42 மி.மீ. டிராக்குக்கு இடைவெளி 0.045 பக்கத்துல வச்சா நிம்மதி. பிளாக் அலுமினியம்கிறதால சூட்டுல மெயின் இடைவெளி இன்னும் கொஞ்சம் விரியும், அதையும் மனசுல வச்சு மெயினைப் பாருங்க.

அம்பை ரிங்கு

டாப் ரிங்கோட ரெண்டு முனையும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒண்ணை ஒண்ணு முட்டியிருக்கு. அதுக்கு மேல பிஸ்டன்ல ரிங் லேண்ட் (ரிங்கு காடியோட விளிம்பு) எட்டணா அளவுக்கு உடைஞ்சு காணாமப் போயிருக்கு. ரிங்கு பெட்டியில இருந்து எடுத்து அப்படியே மாட்டுனது.

ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல விட வேண்டிய இடைவெளிக் கணக்கு இதுதான். போரை 0.0045-ஆல பெருக்குனா டாப் ரிங்குக்கு 0.33 மி.மீ. ரெண்டாம் ரிங்குக்கு 0.0055, அதாவது 0.41. ரெண்டாவது ஏன் கூடுதல்னா, டாப் ரிங்கைத் தாண்டி வர்ற கேஸ் நடுவுல தேங்கி டாப் ரிங்கைத் தூக்காம கீழ போக வழி வேணும். பிஸ்டன் கம்பெனி தாள்ல வேற எண் இருந்தா அதுதான் சட்டம், இந்தக் கணக்கு இல்ல. ரிங்கைப் போருக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு 25 மி.மீ. கீழ தள்ளி நேராக்கிட்டு ஃபீலர் தகடு விட்டு இடைவெளியை அளங்க. அரம் ஒரு முனையில மட்டும், வெளி விளிம்புல இருந்து உள்பக்கமா. அப்புறம் பிசிறு எடுக்கணும்.

0.50 ஓவர்சைஸ் போட்டவங்களுக்கு: போர் 74.5, சிசி 1,316 ஆயிரும். 1,300 சிசி-க்குள்ள ரேஸ் பிரிவுன்னா முதல்லயே யோசிங்க.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுறதா இருந்தா அலுமினியக் கலவை 2618-ஆ 4032-ஆன்னு கேளுங்க. 2618-ல சிலிக்கான் கம்மி, சூட்டுல கூட விரியும், அதனால போர் இடைவெளி அதிகமா விடணும். காலையில ஸ்டார்ட் பண்ணுனா டொக்கு டொக்குன்னு தட்டும், பயப்பட வேண்டாம். கம்பெனி வார்ப்புப் பிஸ்டனுக்கான 0.03-ஐ அதுக்கு வச்சா சூடேறின மூணாவது லேப்ல பிடிச்சுக்கும்.

முதல் ஸ்டார்ட் பத்தியும் சொல்லிடுதேன், யாரும் கேக்கலைன்னாலும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு ஆயில் பிரஷர் முள்ளு ஏறுற வரை ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. மினரல் ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல விட்டு வேடிக்கை பாக்காதீங்க. ரிங்கு உக்கார அழுத்தம் வேணும். மூணாவது கியர்ல 3,000-ல இருந்து 5,000 வரை நல்லா மிதிச்சு, காலை எடுத்து எஞ்சின் பிரேக்குலயே இறக்கி, பத்துப் பன்னிரண்டு தடவை. அரை மணி நேரத்துல ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்துங்க. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க, ரம்பத்தால அறுக்காம டின் கட்டரால வெட்டி, தாளை விரிச்சு வெயில்ல பாருங்க. பாளை தம்பி இதைச் செஞ்சிருந்தா முதல் செஷனுக்கு முன்னாலயே செம்பைப் பாத்திருப்பாரு.

பெட்ரோலும் இப்ப 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோலுக்கான காத்து-பெட்ரோல் விகிதம் 14.7 இங்க செல்லாது, 13.5 பக்கம் வரும். வைட்பேண்ட் மீட்டரை (புகையில விகிதம் பாக்கிற மீட்டர்) லாம்ப்டாவுல (எந்த எரிபொருளுக்கும் சரியான விகிதம் 1) வச்சுப் படிங்க, குழப்பமே வராது.

தச்சை ராஜபாட்டை

ரன்னிங்-இன் 1,000 கிலோமீட்டர் 60-ஐத் தாண்டாம ஓட்டணும்னுதான் எல்லா மெக்கானிக்கும் சொல்லுவாவ. நீங்க முதல் நாளே 5,000-ங்கிறீங்க.

அம்பை ரிங்கு

மெதுவா ஓட்டுனா ஹோனிங் கோட்டோட முனை ரிங்கு உக்காரும் முன்னாலயே மழுங்கிரும், அப்புறம் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். 60-ல ஓட்டச் சொல்லுறது கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் சேத்துச் சொல்லுறது. நான் சொன்னதுல 5,000-ல பிடிச்சு வைக்கச் சொல்லல, ஏத்தி இறக்கச் சொன்னேன்.

மானூர் வால்வு

ஹெட்டு சீவி, கேம் மாத்துனவங்களுக்கு மட்டும். பிஸ்டன் மேல சப்பாத்தி மாவு வச்சு வால்வு இடைவெளி பாத்த ஒரு எஞ்சின்ல, மாவு வால்வோட ஒட்டிக்கிட்டு மேல போயிருச்சு. பிஸ்டன்ல மிஞ்சினதை அளந்துட்டு “இடமே இல்ல”ன்னு பிஸ்டன்ல தேவையில்லாம பாக்கெட் (வால்வுக்கான பள்ளம்) வெட்டிட்டாங்க. மாவு மேல ஆயில் தடவணும். குறைந்தது இன்டேக் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5 வேணும். ஹெட்டு சீவுனா கேம் கிராங்கை நெருங்கும், பெல்ட்டுல டைமிங் கொஞ்சம் பின்னால போகும். அட்ஜஸ்ட் பண்ணுற கேம் புல்லி இல்லாம சீவாதீங்க.

சங்கரன்கோவில் ரோடு

முதல் பதிவுக்கு வர்றேன். எல்லாரும் மாவு, சோப்புன்னு போயிட்டீங்க. எஞ்சினை நெடுக்குல போட்டிருக்கா, குறுக்குலயா?

எஸ்டீம்ல எஞ்சின் குறுக்கே கெடக்கும். சம்புத் தடுப்பு அந்தக் கணக்குக்கு அடிச்சது. நெடுக்கே திருப்பிப் போட்டா, முன்னால பிரேக் போடும்போது ஆயில் போன திசையில இப்ப வளைவுல போகும். 1 ஜி-ன்னா ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும். நீள வளைவுல ஆயில் உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் காத்தைத்தான் உறிஞ்சும். நான் கழட்டிப் பாத்த ஒண்ணுல ஆயில் மட்டம் சரி, பம்ப் சரி, ஷெல்லு மட்டும் வறண்டு தேஞ்சிருந்துச்சு. சம்புக்குள்ள நாலு பக்கமும் தகடு வச்சு, ஆயில் உள்ள வரலாம் வெளிய போகக்கூடாதுன்னு கீல் கதவு வச்சு வெல்டு பண்ணுன பிறகுதான் பிரஷர் முள்ளு வளைவுல விழாம நின்னுச்சு.

பாளை 1298

நெடுக்குதான். நீங்க சொல்லுறது நியாயம், தகடு அடிக்கக் கொடுத்துட்டேன். ஆனா காத்து உறிஞ்சியிருந்தா ஒரே ஒரு ஷெல்லு மட்டும் போயி மத்த மூணுல கீறல்கூட இல்லாம இருக்காது. மூணாம் நம்பர் ஓட்டையில வந்த மாவு காய்ஞ்ச பிறகு அரை டீஸ்பூன். அதை ஒதுக்க முடியல.

கிராங்க் இப்ப 0.50 அண்டர்சைஸ். ஓட்டை எல்லாத்துலயும் பிரஷ் விட்டு, சோப்பு போட்டு, வேட்டித் துணி வெள்ளையா வந்தாச்சு. பிக் எண்டு இடைவெளி 0.046, 0.045, 0.048, 0.046. கேலரி பிளக்கு பழசு அடிச்சு எடுத்ததுல நசுங்கிப் போச்சு, மரை வெட்டி அலன் ஸ்க்ரூ போடலாம்னு இருக்கேன். யாராச்சும் போட்டிருக்கீங்களா?

பேட்டை லேத்து

போடலாம், லாக்டைட் தடவிப் போடுங்க. நீளம் பாத்துக்கிடுங்க. முதல் குறுக்கு ஓட்டை முகத்துல இருந்து எத்தனை மி.மீ. உள்ள இருக்குன்னு கம்பி விட்டு அளந்து, ஸ்க்ரூ அதுக்கு 2 மி.மீ. முன்னாலயே நிக்கிற மாதிரி அறுத்துருங்க. நீளமா விட்டா அதுவே போயி ஓட்டையை அடைச்சிரும். மரை வெட்டுற வேலையைச் சோப்புத் தண்ணிக்கு முன்னால முடிங்க. ஏற்கெனவே கழுவியாச்சுன்னா, திரும்பக் கழுவணும்.