கட்டாஃப் 187, பையன் கேக்கறது ஜியாலஜி. என்ன பண்ணலாம்?

கடைமடைக்காரன்:
அக்கா மவன் இந்த வருசம் ப்ளஸ் டூ முடிச்சான். இன்ஜினியரிங் கட்டாஃப் 187, நல்ல காலேஜ்லயே கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்கும்னு ஊரே சொல்லுது. இவன் ஒரே புடியா பி.எஸ்சி. ஜியாலஜிதான் (மண்ணு, பாறையப் பத்தின படிப்பு) படிப்பேங்கிறான், திருச்சில ஒரு காலேஜ்க்கு அப்ளிகேசனும் போட்டுட்டான். மச்சான் சோத்துத் தட்டை நகத்தி வச்சிட்டு எந்திரிச்சவருதான், மூணு நாளா பையன்கிட்ட பேச்சே இல்ல. அக்கா எனக்கு போன் போட்டு அழுவுது.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, திருத்துறைப்பூண்டிக்குத் தெக்க எங்க ஊரு, கோரையாத்துப் பாசனம், கடைமடை. 2020 கொரோனா லீவுல எட்டாவது படிக்கிறப்ப ஒரு நோட்டு போட்டான். மேட்டூர் என்னைக்குத் தொறந்தாங்க, கல்லணை என்னைக்கு, எங்க வாய்க்கால் மதகுக்கு தண்ணி என்னைக்கு வந்துச்சு, அவ்வளவுதான் நோட்டு. மேட்டூர்லேர்ந்து கல்லணைக்கு வருசா வருசம் மூணு நாலு நாள்தான் ஆவுது, ஆனா கல்லணைலேர்ந்து எங்களுக்கு வர ஒரு வருசம் 14 நாள், இன்னொரு வருசம் 25 நாள். ஏன்னு அவனுக்குத் தெரியணும். வாய்க்கா ஷட்டரைப் பாத்துக்கற லஸ்கர்கிட்ட கேட்டிருக்கான், அவரு "மேல முறை வச்சு விடறாங்கடா"ன்னு சொல்லிட்டு ஷட்டரைத் திருக போயிட்டாராம். போன வருசம் ஒரு நாள் பாலத்துலேர்ந்து தேங்காமட்டைய ஆத்துல போட்டுட்டு அடுத்த பாலம் வரைக்கும் கரையில சைக்கிள மிதிச்சுக்கிட்டே போயி எத்தனை நிமிசம்னு எழுதறான், நான் கண்ணால பாத்தேன். மட்டை நாணல்ல சிக்கிக்கிச்சு, திரும்ப வந்து வேற மட்டை போட்டான்.

எனக்கு அவனத் திட்டவும் மனசு வல்ல, தட்டிக் குடுக்கவும் தைரியம் இல்ல. சொல்லுங்க.

பாபநாசம் டூ ஓஎம்ஆர்:
அண்ணே, நேரா சொல்றேன், கோச்சுக்காதீங்க. 187 கட்டாஃப வச்சிக்கிட்டு ஜியாலஜி போறது, குறுவைக்குத் தண்ணி வந்த நேரத்துல வயலத் தரிசா போடற மாதிரி. ஜியாலஜில கவர்மெண்ட் வேலைன்னா ஜியாலஜிக்கல் சர்வே, அதுக்கு யுபிஎஸ்சி தனியா ஒரு பரிச்சை வைக்குது, அதை எழுதவே முதுகலை படிச்சிருக்கணும். அதாவது அஞ்சு வருசம் படிப்பு, அப்புறம் பரிச்சைக்கு எத்தனை வருசமோ. அதுவரைக்கும் வீட்டுல யாரு பாப்பா? நானும் சின்ன வயசுல ரேடியோவப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டவன்தான். இன்னைக்கு கோடிங் பண்றேன், லீவு நாள்ல ரேடியோ பிரிக்கிறேன். ஒண்ணும் கெட்டுப் போயிடல.

கும்மோணம் டிகிரி காபி:
ஓஎம்ஆர் தம்பிக்கு எல்லாமே சம்பளத்துல வந்து முடியுது. எங்க ஊருல சாரங்கபாணி சன்னதித் தெருவுல திண்ணையில ஒக்காந்து சிலேட்டுல கணக்குப் போட்ட ஒருத்தர் இருந்தாரு, தெரியுமா? பதினாறு வயசுல கையில கெடைச்ச ஒரு கணக்குப் புஸ்தகம், அதுல ஆயிரக்கணக்குல சூத்திரம் இருக்கு, நிரூபணம் அரைகுறை. அதை ஒண்ணொண்ணா இவரே போட்டுப் பாத்ததுதான் படிப்பு. 1914ல கேம்பிரிட்ஜ். "பொழைக்கிற வழியப் பாரு"ன்னு சொல்லி ராமானுஜத்த அடக்கி வச்சிருந்தா?

பாபநாசம் டூ ஓஎம்ஆர்:
வந்துட்டாருய்யா ராமானுஜம். இந்த விவாதம் எங்க நடந்தாலும் அஞ்சாவது நிமிசம் அவரைக் கூட்டியாந்துடுவாங்க. முழுக் கதையும் சொல்லுங்கண்ணே. கும்மோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் குடுத்தாங்க, கணக்கத் தவிர எதையும் படிக்காம இங்கிலீஷ்ல கோட்ட விட்டு ஸ்காலர்ஷிப் போச்சு. வெக்கப்பட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனாரு. மெட்ராஸ் வந்து பச்சையப்பா காலேஜ்ல எஃப்.ஏ. (அந்தக் காலத்து இண்டர்மீடியட் மாதிரி) எழுதினாரு, அதுவும் ஃபெயில். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கைக்காசு குடுத்துதான் கொஞ்ச நாள் சாப்பாடு. 1912ல போர்ட் டிரஸ்ட்ல 30 ரூவா கிளார்க் வேலை. 1920ல செத்துப் போறப்ப வயசு 32. இதை ஒரு தாய்க்கிட்ட போயி "உங்க புள்ளயும் இப்படி இருக்கட்டும்மா"ன்னு சொல்லுவீங்களா நீங்க?

கும்மோணம் டிகிரி காபி:
ஸ்காலர்ஷிப்பப் புடுங்கினது தப்புங்கிறேன் நான், அந்தப் புள்ளைக்கு கணக்கு புடிச்சது தப்புங்கிறே நீ. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓய்வு வாத்தி (நீடாமங்கலம்):
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. அதே கும்பகோணம் காலேஜ்ல இன்னொரு ஆளு இருந்தாரு, அவரை யாரும் இதுல இழுக்க மாட்டேங்கிறீங்க. உ.வே.சா. திருவாவடுதுறையில மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருசக்கணக்கா படிச்சவரு. 1880ல காலேஜ்ல தமிழ் பண்டிதர் வேலை, 25 வயசு, கை நிறைய சம்பளம். அந்த வருசம் ஊருக்கு முன்சீபா வந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்கப் போறாரு. என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டாரு முதலியார். இவரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்கினாரு. முதலியார் அசரல, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. இவரு அதைக் கண்ணால பாத்ததில்ல. அதுக்கப்புறம் ஏடு தேடி அலைஞ்சு 1887ல அச்சுல கொண்டாந்தாரு. அப்புறம் ஆயுசு பூரா அதே வேலைதான்.

இதுல நான் ஓஎம்ஆர் தம்பி பக்கம் கொஞ்சம் சாயறேன், வேலை கையில இருந்ததாலதான் அவரால ஏடு தேட முடிஞ்சுது. ஆனா தம்பி, முதலியார் கேட்ட கேள்விய இந்தப் பய தனக்குத் தானே எட்டாவதுலயே கேட்டுக்கிட்டான் பாரு. முப்பத்தி நாலு வருசம் வாத்தியாரா இருந்தேன், தேங்காமட்டையப் போட்டு ஆத்து வேகத்த அளந்த பயல ஒருத்தனக்கூட நான் பாக்கல. நீர்வளத்துறையிலயே (முன்னாடி பொதுப்பணித்துறை) அந்த மாதிரி மிதவை விட்டு அளக்கற முறை உண்டு, அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

பட்டுக்கோட்டைப் பொண்ணு:
எல்லாரும் பெரியவங்க கதையாவே பேசறீங்க, நான் என் கதையச் சொல்லிட்டுப் போறேன். 2018ல நான் ப்ளஸ் டூ. நவம்பர் 16 கஜா புயல். காலையில வாசலுக்கு வந்து பாத்தா தோப்புல நூத்துக்கு மேல தென்னை படுத்துக் கெடக்கு, அப்பா ஒண்ணும் சொல்லாம ஒவ்வொரு மரமா தொட்டுக்கிட்டே நடந்தாரு. தென்னம்புள்ள வச்சு காய்க்க அஞ்சாறு வருசம் ஆவும். எனக்கு ஜூவாலஜி புடிக்கும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போனா நண்டு வளையப் பாத்துக்கிட்டே நின்னுடுவேன். அந்த வருசம் அண்ணனுக்கு இன்ஜினியரிங் கடைசி ஃபீஸ் கட்டணும். எனக்கு பக்கத்துல எது ஃபீஸ் கம்மியோ அது, பி.காம். யாரும் எங்கிட்ட "உனக்கு எதுல ஆர்வம்"னு கேக்கல, இப்படி ஒரு விவாதமும் நடக்கல. பொண்ணுன்னா கேள்வியே கெடையாது போல.

இப்ப டாலி, ஜிஎஸ்டி எல்லாம் அத்துபடி, நல்லாத்தான் இருக்கேன், கணக்கு டேலி ஆவலன்னா ராத்திரி தூக்கம் வராது, அதுலயும் ஒரு சுவாரசியம் இருக்கு, பொய் சொல்லல. ஆனா வாத்தி ஐயா, வேலை கெடைச்சதுக்கப்புறம் நண்டு பாக்கப் போவலாம்னு நெனச்சேன், ஏழு வருசம் ஆச்சு, ஒரு தடவைகூட போவல. ஓஎம்ஆர் அண்ணா லீவு நாள்ல ரேடியோ பிரிக்கிறேங்கிறாரு, கடைசியா எப்பப் பிரிச்சீங்கண்ணா?

பாபநாசம் டூ ஓஎம்ஆர்:
பொங்கலுக்கு.
போன பொங்கல் இல்ல, அதுக்கு முன்னாடி பொங்கல். சரி, அந்தப் பாயிண்ட் உங்களுக்கு.

மன்னார்குடி மதில்:
எல்லாரும் சீரியஸா பேசறீங்க, எனக்கு வேற பயம். ஜியாலஜி படிச்சிட்டு நாளைக்கு நம்ம வயல்லயே மீத்தேன் எடுக்க போர்வெல் மிஷினோட வந்து நிக்கப் போறான் பய. அதுக்குன்னு எத்தனை நாள் பந்தல்ல ஒக்காந்தோம். 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் வந்து இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கோம் 😄

கும்மோணம் டிகிரி காபி:
நம்ம மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு நம்ம புள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா எவனும் வந்து ஏமாத்த முடியாது மதில். அப்புறம் ஓஎம்ஆர் தம்பி, நீ சொன்ன அதே யுபிஎஸ்சி பரிச்சையிலதான் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கறாங்க. நீ அதைச் சொல்லல.

பாபநாசம் டூ ஓஎம்ஆர்:
சொல்லாம மறைக்கலண்ணே, எனக்கு ஞாபகத்துல வல்ல. சீட்டு எத்தனைன்னும் பாத்துக்குங்க, அதுதான் என் கவலை. ஆனா நடுவுல ஒரு வழி இருக்கு. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்னு ஒரு பி.இ. இருக்கு, சாட்டிலைட் படம், மேப்பு, சர்வே எல்லாம் வரும். அப்பாவுக்கு இன்ஜினியரிங், புள்ளைக்கு ஆறு. 187க்கு வருமான்னு போன வருச கட்டாஃப் பாத்துத்தான் சொல்லணும், கம்யூனிட்டி என்னன்னு தனியா மெசேஜ் பண்ணுங்க, பாத்துத் தரேன்.

ஓய்வு வாத்தி (நீடாமங்கலம்):
இது நல்ல யோசனை. ஆனா அவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க, நாமளே கூடிப் பேசி முடிவு பண்ணிட்டா மச்சானுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கடைமடைக்காரன்:
கேட்டேன் ஐயா. "அதுல ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களா, இல்ல ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடிதானா மாமா?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியல. விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன், யாராவது அங்க படிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

இன்னொண்ணு. நேத்து ராத்திரி மச்சான் வழக்கம்போல டார்ச் எடுத்துக்கிட்டு வாய்க்காப் பக்கம் போனாரு. விடியக்காலம் அக்கா வீட்டு வாசல்ல சத்தம், "டேய், எந்திரி, மதகுக்குத் தண்ணி வந்துட்டு, மணி பாத்து எழுதிக்க"ன்னு. மூணு நாள் கழிச்சு பையன்கிட்ட பேசின மொத பேச்சு அது. பையன் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினான். காலேஜ் பேச்ச ரெண்டு பேரும் இன்னும் எடுக்கல.

பாபநாசம் டூ ஓஎம்ஆர்:
மணி எத்தனைண்ணே? கல்லணைலேர்ந்து இந்த வருசம் எத்தனை நாளு?

கடைமடைக்காரன்:
4.40. கல்லணை ஜூன் 15ல தொறந்தாங்க, 19 நாள். ஏன் 19ன்னு அவன் இப்பவே ஆரம்பிச்சிட்டான்.