மானுக்கு எத்தனை புள்ளி?

உப்புவெளிக்காரன்:

2022 மின்வெட்டுக் காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து லாம்பு வெளிச்சத்தில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்கினோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. இருபது முகப் பகடை ஒன்றுதான் இருந்தது, அதையே மாறி மாறி உருட்டினோம். எங்கள் டிஎம், அதாவது கதை நடத்துபவர், கதையைத் திருகோணமலை பிரட்ரிக் கோட்டைக்குள்ளேயே வைத்துவிட்டார். உள்ளே பூதம், வெளியே கடல், மேலே கோணேசர்.

ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளி வேண்டும். கொன்றால்தான் புள்ளி என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். எங்கள் போர்வீரன் 280இல் நின்றான். கோயிலுக்கு ஏறும் வழியில் மான் கூட்டம். நம்ம ஊர் மான்தான், கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்னுமே, அதே மான்.

"மானுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டான்.

டிஎம் புத்தகத்தைப் புரட்டினார். "பத்து."

"அப்போ இரண்டு. தனியாகத்தான் வெட்டுவேன், ஒருத்தருக்கும் பங்கில்லை."

வெட்டினான். அந்த இடத்திலேயே லெவல் ஏறினான், உயிர்ப்புள்ளியும் கூடியது. எனக்கு அவன் மேல் கோபமில்லை. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அந்த வேலைதானே நடக்கும்.

அதற்குப் பிறகு, கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால் எல்லோருக்கும் ஒன்றாய் லெவல் என்று மாற்றினோம். மான் தப்பியது, ஆனால் ஆளாளுக்குச் சும்மா இருந்தார்கள். எப்படியும் ஏறத்தானே போகிறோம்!

எனக்குப் பிடித்தது கால் ஒஃப் கதுல்ஹு முறை. 1981இல் வந்த விளையாட்டு. என் ஆள் தோணிக்காரன், நீச்சல் திறன் நூறுக்கு 40. ஆட்டத்தில் நீந்தித் தப்பினால் நீச்சலுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கடைசியில் நூறுக்குப் பகடை போட்டு 40க்கு மேல் விழுந்தால்தான் நீச்சல் கூடும், அதுவும் ஒன்றிலிருந்து பத்துக்குள். தெரிந்தவனுக்கு மேலும் கற்பது கடினம் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு மாரி முழுக்க விளையாடி 63 ஆக்கினேன். எந்தப் புள்ளி எந்த இரவில் வந்தது என்று இப்பவும் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. அடையாளத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் பூட்டாத கதவையும் கம்பி விட்டுத் திறந்துகொண்டிருந்தார்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஓய்வு. ஒன்று இரண்டாய்ப் புள்ளி சேர்த்தால் கிழவியாகிவிடுவேன். என் மந்திரக்காரி ஐந்தாம் லெவலுக்கு வர ஏழு மாதம் பிடித்தது. ஐந்தில்தான் தீப்பந்து மந்திரம் கிடைக்கும், அதற்கு ஆறுமுகப் பகடை எட்டு வேண்டும். பிள்ளைகளின் லூடோப் பெட்டியிலும் அயல் வீட்டிலும் பொறுக்கி எட்டுச் சேர்த்தேன். உருட்டினால் மொத்தம் 17! மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஆனாலும் எட்டுக் கட்டை ஒன்றாய் விழுகிற சத்தத்துக்காக இன்னொரு ஏழு மாதமும் காத்திருப்பேன்.

ஓய்வுபெற்றவன்:

நான் 1977இல் வந்த டிராவலர் விளையாட்டின் பக்கம். அதில் ஆட்டம் தொடங்க முன்னமே வாழ்க்கை முடிந்துவிடும். 18 வயதில் சேவையில் சேர்ந்து நான்கு நான்கு வருடமாய்ப் பகடை போட வேண்டும், 34இலிருந்து முதுமையும் கணக்கில் வரும். என் முதல் ஆள் கடற்படையில் இரண்டாம் தவணையிலேயே செத்துப்போனான். மற்றவர்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் இன்னொருவனை உருவாக்கினேன். அவன் 42இல் வெளியே வந்தான். அப்புறம் பெரிதாய் ஒன்றும் ஏறவில்லை. எனக்கும் அப்படித்தான், அதனால் அவனை நன்றாகத் தெரியும்.

அது சரி, மான் வெட்டினவன் இப்போது எத்தனையாம் லெவல்?

உப்புவெளிக்காரன்:

நான்கு, ஐயா. டிஎம் இன்னும் மறக்கவில்லை. கோட்டை வாசலில் இவன் தலை தெரிந்தாலே மான்கள் ஓடுகின்றன, பின்னாலேயே காவல்காரன் வருகிறான்.